வீட்டுக்குள்ள லைட்டு போட்டு வளர்க்கிற மிளகாய், தக்காளி நாத்து: குட்டி ஈ, இலைச் சுருட்டல், மஞ்சள். எதை முதல்ல பார்க்கணும்?

வில்லாபுரம்_மாடி

வணக்கம். ஆடிப்பட்டத்துக்கு மாடியில வைக்கலாம்னு மிளகாயும் தக்காளியும் நாத்து விட்டிருக்கேன். இதுதான் முதல் தடவை. மாடித் தளம் கொதிக்கிற கொதிக்கு ட்ரேயை அங்க வைக்க முடியல. அதனால உள் ரூம்ல இரும்பு ரேக்குல வச்சு லைட்டு போட்டிருக்கேன். கேக்கிறதுக்கு முன்னாடி விவரத்தை முழுசாச் சொல்லிடுறேன்.

98 குழி ட்ரே ரெண்டு. ஒண்ணுல ராமநாதபுரம் முண்டு, இன்னொண்ணுல பி.கே.எம். 1 தக்காளி. மிளகாய்க்கு வயசு 24 நாள், தக்காளிக்கு 18 நாள். 5 கிலோ கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) கட்டியை ஊறவச்சு உதிர்த்து, அதுல எடுத்த அளவுக்குச் சரிசமமா மண்புழு உரம் கலந்தேன். கட்டியை அலசல. 20 வாட் எல்.இ.டி. ட்யூப் ரெண்டு, ட்ரேக்கு மேல ஒன்றரை அடி உயரத்துல, காலை 8 மணியிலிருந்து சாயங்காலம் 6 வரை எரியுது. மத்தியானம் ரூம் சூடு 34 டிகிரி. போர் தண்ணி டி.டி.எஸ்., அதாவது கரைஞ்சிருக்கிற உப்போட அளவு, 1400 காட்டுது. அதுக்கு பதிலா ஆர்.ஓ. மெஷின்லருந்து வெளிய போற தண்ணியைப் பிடிச்சு, காலையும் சாயங்காலமும் ஸ்ப்ரேயர்ல அடிக்கிறேன். 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்கிற கரையும் உரம்) லிட்டருக்கு 2 கிராம், வாரம் ரெண்டு தடவை.

இப்ப பிரச்சினை. ட்ரேயைத் தட்டினா கறுப்பா குட்டி ஈ பறக்குது. மூலையில இருக்கிற தக்காளி நாத்து சிலது அடித்தண்டு நூலா மெலிஞ்சு சாஞ்சுடுச்சு. மிளகாயில விளிம்பு காஞ்ச மாதிரி பழுப்பு, புதுத் துளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சை. அதுலயே ஒரு பக்கத்துச் செடிகள்ல இலை சுருண்டிருக்கு. தக்காளி இலை அடியில வெள்ளையா, முட்டை மாதிரி புள்ளி. எல்லா நாத்தும் கொஞ்சம் நெட்டையா வளர்ந்திருக்கு.

உரக்கடையில ஒரு பூச்சி மருந்தையும் ஒரு பூஞ்சை மருந்தையும் ஒண்ணாக் கலந்து அடிச்சா எல்லாம் போயிரும்னு சொல்றாங்க. அடிக்கலாமா?

---

நாற்றங்கால்_மேலூர்

தம்பி, இப்பத்திக்கு எந்த மருந்தும் அடிக்காதீங்க. நீங்க சொன்னதுல பாதிக்கு மேல பூச்சியோ நோயோ கிடையாது. தண்ணியும் உப்பும்.

முதல்ல அந்த ஆர்.ஓ. கழிவுத் தண்ணியை நிறுத்துங்க. மெஷின் உப்பைப் பிரிச்சு வெளிய தள்ளுறதே அந்தக் குழாயிலதான். உள்ள போறது 1400னா வெளிய வர்றது 2000-ஐ லேசாத் தாண்டும். மீட்டரை அதுல வச்சுப் பாருங்க, தெரிஞ்சுரும். பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்க ஆகும்; நாத்துக்கு ஆகாது. இதை ஊத்துறதுக்கு நேரடிப் போர் தண்ணியே மேல்.

ரெண்டாவது, அலசாத கோகோபீட். நார்க்கழிவுல சோடியமும் பொட்டாசியமும் ஏற்கெனவே நிறைய இருக்கும். கட்டியை ஊறவச்சு, தண்ணியை வடிச்சு, மறுபடி ஊத்தி வடிச்சு, வடியிற தண்ணியோட டி.டி.எஸ். ஊத்தின தண்ணியை விட 200, 300க்குள்ள வர்ற வரைக்கும் அலசணும். அதுக்கப்புறம் லிட்டருக்கு 2 – 3 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைச்ச தண்ணியில ஒரு ராத்திரி ஊறவச்சு இன்னொரு தடவை அலசினா, நார்ல ஒட்டியிருக்கிற சோடியம் இடத்தை விட்டுக் கிளம்பும். இதைச் செய்யாம விட்டா, ஊத்துற கால்சியத்தையும் மக்னீசியத்தையும் நாரே பிடிச்சு வச்சுக்கும், செடிக்குப் போகாது.

மூணாவது உரம். வேர் விரிய ஒரு மடக்கு மண்ணுதான் இருக்கிற குழிக்கு 2 கிராம் ரொம்ப அதிகம். அதுலயும் பாதி மண்புழு உரம். 19:19:19ல இருக்கிற தழைச்சத்துல பாதிக்கு மேல யூரியா வடிவத்துல இருக்கு. யூரியாவை டி.டி.எஸ். மீட்டர் காட்டாது. மீட்டர்ல குறைவாத்தானே காட்டுதுனு இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடுறவங்க நிறைய.

இலை விளிம்பு கருகுறதுக்கு இந்த மூணும் சேர்ந்த உப்புதான் காரணம். துளிர் வெளிறி நரம்பு பச்சையா நிக்கிறது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. ஆனா மண்ணுல இரும்பு இல்லைனு அர்த்தம் இல்ல. நம்ம பக்கத்துப் போர் தண்ணியில பைகார்பனேட் அதிகம், கலவையோட பி.எச். (அமில-காரத் தன்மை) ஏறிப் போச்சுனா வேரால இரும்பை எடுக்க முடியாது. அடி இலை, அதாவது பழைய இலை நரம்புக்கு நடுவுல மஞ்சளானா அது மக்னீசியம். அடி இலை முழுசா ஒரே சீரா வெளிறினா தழைச்சத்து. எந்த இலையில ஆரம்பிச்சதுனு பார்க்காம சத்து மருந்து வாங்கக் கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். குடிக்கிற ஆர்.ஓ. தண்ணி 3 பங்கு, போர் தண்ணி 1 பங்கு கலங்க. ஆர்.ஓ. 80, போர் 1400னா கலந்தது 400 பக்கம் வரும். வெறும் ஆர்.ஓ. தண்ணி வேணாம், அதுல கால்சியம் சுத்தமா இருக்காது. 98 குழி ட்ரே ஒண்ணுல ஏறக்குறைய 2 – 2½ லிட்டர் கலவை பிடிக்கும். அதுக்கு இரண்டு மடங்கு, 5 லிட்டர் தண்ணியை மேலருந்து பூவாளியில மெதுவா ஊத்தி அடியில வடிய விடுங்க. ஒரே ஒரு தடவை. அப்புறம் ட்ரே நல்லா லேசாகுற வரைக்கும் தண்ணி கிடையாது. உரம் 8 – 10 நாளைக்கு நிறுத்தம். திரும்ப ஆரம்பிக்கும்போது லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு தடவை. துளிர் அவசரமாப் பச்சையாகணும்னா இரும்பு ஈ.டி.டி.ஏ. (செடி எடுத்துக்கிற வடிவத்துல இருக்கிற இரும்புச்சத்து) லிட்டருக்கு அரை கிராம், லைட்டை அணைச்ச பிறகு இலையில புகை மாதிரி அடிங்க. அதை வேர்ல ஊத்திப் பிரயோஜனம் இல்ல, பி.எச். 6½ தாண்டினாலே அது உடைய ஆரம்பிச்சுரும். வேர் வழியாக் கொடுக்கணும்னா ஈ.டி.டி.எச்.ஏ. வகை கேட்டு வாங்கணும். விலை கூட.

நெட்டையா வளர்றதுக்கு லைட்டுதான் காரணம். ஒன்றரை அடி ரொம்பத் தூரம், 10 மணி நேரம் பத்தாது. இலை நுனியிலிருந்து 15 – 20 செ.மீ. உயரத்துக்கு இறக்குங்க, 14 மணி நேரம் எரியட்டும். டைமர் போடுறதா இருந்தா பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரா வாங்குங்க. மாதாமாதம் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்துறப்ப முள் சுத்துற டைமர் அப்படியே நின்னு, மறுநாளிலிருந்து நடுராத்திரி வரைக்கும் லைட்டு எரியும்.

---

வாடிப்பட்டி_பூச்சி

ஈ பற்றிச் சொல்கிறேன். ஆனால் அது எந்த ஈ என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். சமையலறையில் பழத்தை மொய்ப்பது உருண்டையாக, பழுப்பாக, கண் சிவந்து இருக்கும். அது ட்ரேயில் இருந்தால் சும்மா வந்தது, விட்டுவிடலாம். கொசுவைச் சுருக்கின மாதிரி, கால் நீண்டு, உணர்கொம்பு நீண்டு, பறக்கத் தெம்பில்லாமல் மண்ணை ஒட்டியே ஓடி ஓடிப் பறப்பது பூஞ்சை ஈ. நீங்கள் சொல்வது இதுவாகத்தான் இருக்கும்.

பறக்கிற ஈ நாற்றை ஒன்றும் செய்யாது. அதன் புழுதான் ஈர மண்ணின் மேல் 2, 3 செ.மீ. ஆழத்தில் இருந்துகொண்டு, பூஞ்சையும் மட்கும் தின்று, பிறகு வேர் நுனியையும் கடிக்கும். பெரிய செடி தாங்கும். இரண்டு இலை நாற்று தாங்காது. கடிபட்ட வேர் வழியாக அழுகல் நோய் உள்ளே போகும். புழு இருக்கிறதா என்று பார்க்க உருளைக்கிழங்கு போதும். ஒரு செ.மீ. கனத்துக்கு வில்லை வெட்டி, மண்மேல் அழுத்தி வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வெளிறிய உடம்பு, மினுங்குகிற கறுப்புத் தலை, நீளம் 4 – 5 மி.மீ. இருந்தால் அதுதான். கூடவே வெள்ளையாகத் துள்ளிக் குதிக்கிற பொடிப் பூச்சி இருக்கும். அது மட்கைத் தின்கிற சாது, அதற்கு மருந்து தேட வேண்டாம்.

மண்ணின் மேல்பரப்பு காய்ந்தால் ஈ முட்டை இடாது, இட்டாலும் புழு பிழைக்காது. நீங்கள் காலையும் மாலையும் தெளிப்பது அதற்கு விருந்து வைப்பதுதான். ஸ்ப்ரேயரை எடுத்து வைத்துவிட்டு, அகலத் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் வைத்து அதில் ட்ரேயை 15 – 20 நிமிடம் நிறுத்துங்கள். அடித்துளை வழியாக ஈரம் ஏறும். மேல் மண் லேசாக நிறம் மாறியதும் எடுத்து, சாய்த்து வடித்துவிடுங்கள். தட்டிலேயே ஊற விட்டுவிட்டுப் போனால் இதற்கும் பலன் கிடையாது. இதைக் காலையில் மட்டும் செய்யுங்கள். உப்புள்ள தண்ணீரை அடிவழியாகவே கொடுத்துக்கொண்டிருந்தால் மேல் பரப்பில் உப்புப் பூக்கும் என்பதால், மேலூர் அண்ணன் சொன்ன மாதிரி இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை மேலிருந்தும் ஒரு அலசல் வேண்டும்.

பறப்பதைப் பிடிக்க மஞ்சள் ஒட்டுப்பொறி. உயரத்தில் தொங்கவிட்டால் இந்த ஈ ஏறாது. ட்ரே விளிம்பில், மண் மட்டத்தில் படுக்கவைத்தாற்போல் வையுங்கள். கடையில் கிடைக்காவிட்டால் மஞ்சள் பிளாஸ்டிக் அட்டையில் விளக்கெண்ணெய் தடவினாலும் ஒட்டும், இரண்டு நாளுக்கு ஒரு முறை துடைத்துத் தடவ வேண்டும். பொறி எண்ணிக்கையைக் குறைக்கும், அவ்வளவுதான். புழு மண்ணில் இருக்கும்வரை ஈ வந்துகொண்டேதான் இருக்கும்.

புழுவுக்குச் சரியான மருந்து பி.டி.ஐ. என்கிற பாக்டீரியா. கொசுப்புழுவுக்கு விற்கிற அதே சரக்கு. இங்கே ஒரு எச்சரிக்கை. உரக்கடையில் "பி.டி. கொடுங்க" என்று கேட்டால் குர்ஸ்டாகி வகையை எடுத்து நீட்டுவார்கள். அது காய்ப்புழுவுக்கு உள்ளது, பூஞ்சை ஈயை ஒன்றும் செய்யாது. டப்பாவில் "இஸ்ரேலென்சிஸ்" என்று இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். லேபிளில் உள்ள அளவைத் தண்ணீரில் கரைத்து, 5 – 7 நாள் இடைவெளியில் மூன்று முறை மண்ணில் ஊற்ற வேண்டும். முட்டையையும் கூட்டுப்புழுவையும் அது கொல்லாது. ஒரு தடவை ஊற்றி நிறுத்துபவர்கள் மருந்து கேட்கவில்லை என்று சொல்வது இதனால்தான்.

தக்காளி சாய்ந்தது நாற்றழுகல். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு தண்ணீர் கோத்து மெலிந்திருக்கும். சாய்ந்த நாற்றை நிமிர்த்திப் பயன் இல்லை. அதையும், அதைச் சுற்றி உள்ள ஒரு வரிசைக் குழிகளையும் மண்ணோடு எடுத்துப் போட்டுவிட்டு, மீதி இடத்துக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2½ கிராம் கரைத்துத் தண்டடியில் ஊற்றுங்கள். இலையில் அடிக்க வேண்டாம். டிரைகோடெர்மா (அழுகல் நோயை அடக்குகிற நல்ல பூஞ்சை) கொடுப்பதாக இருந்தால் இதற்குப் பிறகு குறைந்தது இரண்டு வாரம் விட வேண்டும். செம்பு அதையும் கொன்றுவிடும். அடுத்த முறை விதைக்கும்போதே டிரைகோடெர்மா விரிடி கிலோ விதைக்கு 4 கிராம் கலந்து போட்டால் இந்த வேலை மிச்சம். ஒரு பாக்கெட் விதைக்கு ஒரு சிட்டிகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்புழு உரத்தையும் பாதிக்குப் பாதி போடாமல், கோகோபீட் 3 பங்குக்கு உரம் 1 பங்கு போதும். சரியாக மட்காத உரம் என்றால் ஈ அதிலேயே முட்டையோடு வந்திருக்கும்.

---

பச்சைமிளகா_திருநகர்

இதுக்கா இம்புட்டு வேலை? வேப்பெண்ணெய் லிட்டருக்கு 30 மி.லி., சோப்புத் தூள் ஒரு ஸ்பூன், எல்லாத்து மேலயும் அடிங்க. மண்ணுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. ஒரு வாரத்துல சுத்தமாயிரும்.

---

இலைப்பேன்_அலங்காநல்லூர்

திருநகர் அக்கா, கோவிச்சுக்காதீங்க. 30 மி.லி. வயல்ல நிக்கிற வளர்ந்த செடிக்குச் சொல்ற 3 சதவீத அளவு. 24 நாள் நாத்துக்கு, 34 டிகிரி ரூம்ல, லைட்டுக்குக் கீழ அடிச்சா இலை வெந்துரும். நாத்துக்கு 3 – 5 மி.லி. போதும். சோப்புத் தூளும் வேணாம், அதுல இருக்கிற சோடாவும் வெளுப்பானும் இலையோட மெழுகை எடுத்துரும். பொட்டாஷ் சோப்பு, இல்லைனா காதி கடையில விக்கிற சாதா சோப்பைக் கரைச்சு 1 மி.லி. அளவு. முதல்ல எண்ணெயையும் சோப்பையும் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணியில அடிச்சுக் கலக்கி, பால் மாதிரி ஆன பிறகுதான் மீதித் தண்ணி ஊத்தணும். மேல எண்ணெய்ப் படலம் மிதந்தா கலக்கம் சரியில்லனு அர்த்தம், அந்தப் படலம்தான் இலையைச் சுடும். பெராக்சைடு விஷயத்துல, 3 சதவீத பாட்டிலுக்கு நாலு பங்கு தண்ணி கலந்து ஊத்தினா தொட்ட புழு சாகும், உண்மைதான். கொஞ்ச நேரத்துல தண்ணியாப் போயிரும், மறுநாள் பொரிக்கிற முட்டைக்கு அது எதுவும் செய்யாது. டிரைகோடெர்மா, பி.டி.ஐ. போட்டிருந்தா அதையும் சேர்த்து அழிச்சுரும்.

இப்ப வில்லாபுரம் தம்பிக்கு. இலை சுருண்டிருக்குனு மட்டும் எழுதியிருக்கீங்க. எந்தப் பக்கம் சுருண்டிருக்குங்கிறதுதான் முக்கியம்.

மிளகாய் இலை விளிம்பு மேல் பக்கமா ஏறி, ஓடம் மாதிரி குழிஞ்சிருந்தா இலைப்பேன். இலை அடியில வெள்ளி பூசின மாதிரி கீறல், பொடிப் பொடியாக் கறுப்பு எச்சம் இருக்கும். விளிம்பு கீழ் பக்கமா மடங்கி, இலை குறுகி, காம்பு மட்டும் எலி வால் மாதிரி நீண்டிருந்தா மஞ்சள் முரணைச் சிலந்தி. நுனித் துளிர் கெட்டியா, பித்தளை நிறத்துல, உடைஞ்சுரும் போல இருக்கும். சுருட்டல் இல்லாம ஊசி குத்தின மாதிரி வெளிறின புள்ளி, அடியில மெல்லிய நூலாம்படைனா செஞ்சிலந்தி. இலை சிறுத்து, தடிச்சு, மஞ்சளாகி, கணு நெருங்கி, செடியே வளராம நின்னுட்டா அது வெள்ளை ஈ கொண்டு வர்ற வைரஸ். அதுக்கு மட்டும் மருந்தே கிடையாது, பிடுங்கி பையில கட்டிப் போடணும்.

தக்காளியில அடி இலை மேல் பக்கமா லேசாச் சுருண்டு, தோல் மாதிரி விறைச்சு, நிறம் மாறாம இருந்தா அது சூடு. விட்டுருங்க.

பார்க்கிறதுக்கு 10 மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்குங்க. அது இல்லாம இந்த வேலையே ஓடாது. நகைக் கடைக்காரங்க வச்சிருப்பாங்களே, அது. வெள்ளைத் தாளை நாத்துக்கு அடியில பிடிச்சு, துளிரை ரெண்டு தட்டுத் தட்டுங்க. வைக்கோல் நிறத்துல நீளமா ஓடுறது இலைப்பேன். புள்ளியாச் சிவப்பா, மெல்ல நகர்றது செஞ்சிலந்தி, தாளோட தேய்ச்சா கோடா இழுபடும். முரணைச் சிலந்தி 0.2 மி.மீ.தான், தாள்ல தெரியாது. அதுக்கு ஒரு துளிரைக் கிள்ளி, அடிப்பக்கத்தை லென்ஸ்ல வெளிச்சத்துக்கு நேரா பார்க்கணும். சிலந்தியே தெரியாட்டியும் நரம்பை ஒட்டி முட்டை தெரியலாம், தெளிவான முட்டை மேல வெள்ளைப் புள்ளி வரிசையா இருக்கும்.

தக்காளி இலை அடியில வெள்ளைப் புள்ளினு சொன்னீங்களே, அதை நகத்தால நீவிப் பாருங்க. உதிர்ந்து வந்தா முட்டை. இலையோட ஒட்டின பருவா இருந்தா அது நீர்க்கொப்புளம். வேர் தண்ணியை உறிஞ்சிக்கிட்டே இருக்கு, ரூம்ல காத்தோட்டம் இல்லாம இலையால வெளியேத்த முடியல, உள்ள இருக்கிற திசு வீங்கிப் புடைச்சுருது. புற ஊதாக் கதிர் இல்லாத எல்.இ.டி. வெளிச்சத்துல தக்காளிக்கு இது சகஜம். தண்ணியைக் குறைச்சு, டேபிள் ஃபேனை மெதுவா வச்சு, இலை லேசா ஆடுற அளவுக்குக் காத்து விட்டா புது இலையில வராது. தண்டும் பருக்கும்.

எந்த ட்ரேயில, எந்தப் பக்கத்துல சுருட்டல் ஆரம்பிச்சது, பக்கத்துல வேற செடி என்ன இருக்குனும் சொல்லுங்க.

---

வில்லாபுரம்_மாடி

எல்லாருக்கும் நன்றி. லென்ஸ் வாங்கிப் பார்த்துட்டேன்.

கழிவுத் தண்ணி மீட்டர்ல 2160. நிறுத்தியாச்சு. ட்ரேயை அலசினப்ப முதல்ல வடிஞ்சது டீத்தண்ணி நிறத்துல, மீட்டர் 3000-ஐத் தாண்டிருச்சு. உருளைக்கிழங்குல கறுப்புத் தலைப் புழு இருக்கு. தக்காளிப் புள்ளி உதிரல, பருதான்.

மிளகாயில சுருட்டல் கீழ் பக்கமா. காம்பு நீளமா இருக்கு. ஜன்னல் பக்கத்து ரெண்டு வரிசை, மொத்தம் 17 செடி. ஜன்னலுக்கு வெளிய கிரில்ல பழைய மிளகாய்ச் செடித் தொட்டி ஒண்ணும் மல்லி (மல்லிகை)த் தொட்டி ஒண்ணும் இருக்கு. பழைய மிளகாய் இலையும் சுருண்டுதான் இருக்கு, வெள்ளை ஈ மொய்க்குது. மல்லியில நூலாம்படை. தாள்ல தட்டினா சிவப்பா ஓடுது.

வேப்பெண்ணெய் இன்னும் அடிக்கல. என்ன வரிசையில செய்யட்டும்?

---

இலைப்பேன்_அலங்காநல்லூர்

அப்ப மூலம் அந்தப் பழைய மிளகாய்த் தொட்டிதான். முரணைச் சிலந்தி வெள்ளை ஈயோட காலைப் பிடிச்சுக்கிட்டே செடி விட்டுச் செடி போகும், அதனாலதான் ஜன்னல் ஓரத்து வரிசையில ஆரம்பிச்சிருக்கு. அந்தச் செடியை வேரோட எடுத்து, பையில கட்டி அனுப்பிருங்க. பாவம் பார்த்தா 98 நாத்தும் போகும். மல்லியை எடுக்க வேணாம். அதை ஜன்னலை விட்டுத் தள்ளி மாடிக்கு ஏத்தி, வாடின, நூலாம்படை பிடிச்ச கிளையை வெட்டிட்டு, ஓஸ் பைப்ல இலை அடிப்பக்கத்துல தண்ணி வேகமா படுற மாதிரி ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அடிங்க. செஞ்சிலந்திக்குக் காய்ஞ்ச சூடுதான் சொர்க்கம். ஜன்னலுக்கு 40 – 50 மெஷ் (ஒரு அங்குலத்துக்கு அத்தனை கண்) பூச்சி வலை. சாதாக் கொசுவலையில வெள்ளை ஈ நுழைஞ்சு வரும்.

17 செடியில நுனியே கருகி நின்னதை எடுத்துருங்க. மீதியை ட்ரேயிலருந்து பிரிக்க முடிஞ்சா சின்னப் பைக்கு மாத்தி தனியா வைங்க. முதல்ல நல்ல செடிக்குத் தண்ணி காட்டிட்டு, கடைசியா இதுங்ககிட்ட வாங்க. கையிலயும் சட்டையிலயும் ஒட்டிக்கிட்டுப் போகிற ஜந்து இது.

மருந்துக்கு, நனையும் கந்தகம் 80 சதவீதத் தூள். வளர்ந்த செடிக்கு லிட்டருக்கு 2 கிராம், இந்த நாத்துக்கு 1½ கிராம். இது சிலந்திக்குத்தான் கேக்கும், இலைப்பேனுக்கோ வெள்ளை ஈக்கோ பெருசா வேலை செய்யாது. சூடு 32 டிகிரிக்கு மேல இருக்கிறப்ப கந்தகம் இலையைப் பொசுக்கும். உங்க ரூம்ல பகல்ல அடிக்கவே கூடாது. லைட்டை அணைச்சு, ராத்திரி சூடு 30க்குக் கீழ வந்த பிறகு, ட்ரேயை மாடிக்குத் தூக்கிட்டுப் போய் அங்க அடிச்சு, ஈரம் உலர்ந்ததும் உள்ள கொண்டு வாங்க. முகக்கவசம் போட்டுக்கோங்க. முதல்ல நாலு செடியில மட்டும் அடிச்சு ரெண்டு நாள் பாருங்க. இலை அடிப்பக்கமும் துளிருக்குள்ளயும் படலைனா அடிச்சது வீண். இந்தச் சூட்டுல சிலந்தி முட்டையிலருந்து முட்டை வரைக்கும் அஞ்சாறு நாள்ல முடிச்சுரும். அதனால 5 நாள் விட்டு ரெண்டாவது, இன்னும் 5 நாள் விட்டு மூணாவது.

கந்தகமும் எண்ணெயும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு வாரம் இருக்கணும். வேப்பெண்ணெய் அடிக்காம இருந்தது நல்லதாப் போச்சு.

சுருண்ட இலை மறுபடி விரியாது. அதைப் பார்த்துட்டு மருந்து கேக்கலைனு இன்னொண்ணு வாங்காதீங்க. 10 – 14 நாள் கழிச்சு புதுசா வர்ற துளிர் நேரா வருதானு அதை மட்டும் பாருங்க.

---

வாடிப்பட்டி_பூச்சி

வரிசை கேட்டீர்களே. அலசல் முடிந்துவிட்டது, நல்லது. தண்ணீரை அடிவழிக்கு மாற்றுங்கள், மஞ்சள் பொறி வையுங்கள். பி.டி.ஐ. தக்காளி, மிளகாய் இரண்டு ட்ரேக்கும் இந்த வாரமே முதல் ஊற்று. காப்பர் தக்காளி ட்ரேக்கு மட்டும். இரண்டையும் ஒரே நாளில் ஊற்றாமல், காப்பர் ஊற்றி நாலைந்து நாள் கழித்து அந்த ட்ரேக்கு பி.டி.ஐ. கொடுங்கள். கந்தகத்தைக் காப்பரோடு ஒரே டப்பாவில் கலக்க வேண்டாம்.

உரக்கடையில் சொன்ன கலப்பு மருந்துக்கு ஒரு வார்த்தை. டப்பாவில் விஷத்தின் கடுமையைக் காட்டுகிற நிற முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள் முக்கோணம் போட்டது எதுவும் வீட்டுக்குள், அதுவும் படுக்கிற ரூமுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். மோனோகுரோட்டோபாஸ் காய்கறிக்குத் தடை செய்யப்பட்டது, யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வெள்ளை ஈக்கும் சிலந்திக்கும் பூஞ்சை ஈக்கும் பொதுவாக ஒரே மருந்து என்று ஒன்று இல்லை. சில பூச்சி மருந்துகள் அடித்த பிறகு சிலந்தியைத் தின்கிற நல்ல பூச்சி செத்து, சிலந்தி இரண்டு மடங்காகப் பெருகும்.

லென்ஸில் சந்தேகம் தீரவில்லை என்றால், ஒத்தக்கடையில் யானைமலை பக்கம் உள்ள வேளாண்மைக் கல்லூரிக்குள் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நாற்றை வேரோடு, மண்ணோடு காகிதத்தில் சுற்றிக் கொண்டு போங்கள். ஈரமாகப் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் போய்ச் சேர்வதற்குள் அழுகி, எது நோய் எது அழுகல் என்று பிரிக்க முடியாது. சிலந்தி பார்க்க வேண்டிய துளிரை மட்டும் தனியாக மூடிய கவரில்.

---

பச்சைமிளகா_திருநகர்

30 மி.லி. மாடிச் செடிக்குச் சொன்னது, நாத்துனு கவனிக்கல. சரி, ஒரு சந்தேகம். மருந்து எல்லாம் முடிச்சு நாத்து தேறிட்டா, லைட்டுக்குக் கீழ வளர்ந்ததை நேரா மாடி வெயில்ல வைக்கலாமா?

---

நாற்றங்கால்_மேலூர்

வைக்கக் கூடாதுங்க. எல்.இ.டி.யில வளர்ந்த இலை நம்ம வெயில்ல ஒரே மத்தியானத்துல வெள்ளையா வெளுத்துரும். கடைசிக் கந்தகம் அடிச்சு ஒரு வாரம் போகட்டும். அப்புறம் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழ, காலை 7லருந்து 8 வரைக்கும் ஒரு மணி நேரம் ஆரம்பிச்சு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி, 8 – 10 நாள்ல பழக்குங்க. அந்த நாள்ல தண்ணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கணும், ஆனா வாட விடக் கூடாது. தக்காளி 25 – 30 நாள்ல நடுற பருவம், இவரு நாத்து இந்தக் கூத்துல ஒரு வாரம் பிந்தும், பரவாயில்ல. மிளகாய் 40 – 45 நாள் ஆகும். சாயங்காலம் வெயில் இறங்கின பிறகு நடுங்க. நெட்டையாப் போன தக்காளியை முதல் இலை வரைக்கும் மண்ணுக்குள்ள புதைச்சு நட்டா தண்டுலருந்தே வேர் விடும். மிளகாயை அப்படி ஆழமாப் புதைக்காதீங்க, ட்ரேயில இருந்த மட்டத்துலயே வைங்க.

தொட்டிக்குக் கலவை போடுறப்ப மீதி இருக்கிற அந்த கோகோபீட்டை மறக்காம அலசிட்டுப் போடுங்க, தம்பி. 5 கிலோ கட்டி 70 லிட்டர் கிட்ட விரியும், ட்ரே ரெண்டுக்கும் போனது அதுல கால் பங்கு கூட இருக்காது.